கிழக்கு வாசலில் கேட்ட பெயர்

தலாத்தோ பத்தொன்பது வருஷமாக வாகாடுகு விளையாட்டரங்கத்தின் கிழக்கு வாசலில் வண்டி ஸ்டாண்ட் நடத்தினாள். அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தது கிடையாது. உள்ளே போகிறவர்கள் வண்டியை அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள், ஆட்டம் முடிந்ததும் எடுத்துக்கொண்டு போவார்கள். நடுவே இருக்கிற இரண்டு மணி நேரமும் நானூறு மொபெட்டுகளுக்குக் காவலாக முக்காலி போட்டு உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் இரைச்சலை வைத்தே கோல் விழுந்ததா, மயிரிழையில் தப்பியதா, நடுவர் வசவு வாங்குகிறாரா என்று சொல்லிவிடுவாள். ரேடியோ வைத்திருக்கிற ஆம்பிளைகள்கூட முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

தொழிலில் அவள் கறார். மொபெட்டின் இருக்கையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவாள். கையில் கொடுக்கும் அட்டைத் துண்டிலும் அதே எண். இரண்டும் ஒத்துப்போனால் வண்டி வெளியே போகும், இல்லையென்றால் இல்லை. ஒருமுறை ராணுவ அதிகாரி ஒருவர் டோக்கனைத் தொலைத்துவிட்டு வந்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று மீசையை முறுக்கினார். "நீங்க யாருன்னு தெரியுதுங்க. வண்டி யாரோடதுன்னுதான் தெரியல" என்றாள் இவள். கடைசி மொபெட்டும் போய், அவர் வண்டி ஒன்று மட்டும் மிச்சமாக நின்ற பிறகுதான் எடுக்க விட்டாள்.

அப்படிப்பட்டவள் தன் வீட்டில் இரண்டு டோக்கனை மாற்றிக் கொடுத்தாள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும். எங்கள் கில்வின் பேட்டையில் இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல ஒருவராவது வேண்டும் அல்லவா?

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் புரெய்மா, இளையவன் இசூப். இருவருக்கும் நடுவே ஆறு வயசு வித்தியாசம். கணவன் ஐவரி கோஸ்ட் கோக்கோ தோட்டத்துக்குப் போனவன், சாவுச் செய்தியாகத்தான் திரும்பி வந்தான். அப்போது புரெய்மாவுக்குப் பதினாறு வயசு. அவன் இடதுகாலைப் பற்றி அதற்குள் பேட்டை தாண்டிப் பேச்சு இருந்தது. அந்தக் காலைத் தூக்கிப் பெட்டியில் வைத்ததுபோல வைத்துவிட்டு, வெல்டிங் பட்டறைக்குப் போனான். மூன்று வருஷம் இரும்புக் கேட்டுகளாகப் பற்றவைத்து, தம்பியைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திவைத்தான். திரும்பவும் மைதானத்துக்கு வந்தபோது கால் அப்படியேதான் இருந்தது. வயசுதான் போய்விட்டிருந்தது. தேர்வாளர்கள் வருவார்கள், பார்ப்பார்கள், பிறந்த வருஷத்தைக் கேட்பார்கள், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார்கள்.

இசூப் வேறு வார்ப்பு. பந்து அவனிடம் வந்தால் அவன்தான் பயந்து ஒதுங்குவான். ஆனால் கோடு, கட்டம், கணக்கு என்றால் சோறு வேண்டாம். அம்மாவின் ஸ்டாண்டை ஒரு நாள் நின்று பார்த்தான், ஒரு காகிதத்தில் வரைந்தான், வரிசைகளைச் சாய்வாக நிறுத்தச் சொன்னான். அன்றையிலிருந்து நானூறு மொபெட்டும் முட்டாமல் மோதாமல் கால் மணி நேரத்தில் காலியாயின. எதைச் சொல்வதற்கு முன்னாலும் நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கி, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்பான். பையை எப்போதும் ஒரே தோளில் மாட்டி, அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடப்பான். காதில் ஒரு துண்டு சாக்பீஸ் செருகியிருக்கும்.

பிரெஞ்சு பேசும் நாடுகளின் இளைஞர் கால்பந்துப் போட்டி எங்கள் ஊரில் நடக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். இருபது வயசுக்கு உட்பட்டவர்கள் ஆடலாம். மடகாஸ்கர், காங்கோ, கியூபெக், லெபனான் என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வரப்போகிறார்கள். பார்க்க வருகிறவர்களில் பிரெஞ்சு கிளப்புகளுக்கு ஆள் பிடிக்கிறவர்களும் இருப்பார்கள். பேட்டை கிளப்பான கில்வின் நட்சத்திரத்தின் பயிற்சியாளர் காசிமிர் ஒரு சாயங்காலம் தலாத்தோவின் முற்றத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தார்.

"அக்கா, புரெய்மா கால் இன்னும் ரெண்டு வருஷம்தான் ஓடும். இந்த வாய்ப்பு போனா கேட்டுக்குக் கேட்டு பத்தவச்சே கிழவனாயிடுவான்."

"அவனுக்கு இருபத்திமூணு ஆச்சே, காசிமிர்."

"ஆளுக்கு ஒரு வயசு, காலுக்கு ஒரு வயசு. வாகாடுகுல யாருக்குத்தான் ஒரே ஒரு வயசு இருக்கு? வீட்ல இன்னொரு பிறப்புச் சான்றிதழ் இருக்கில்ல..."

புரெய்மா சட்டென்று எழுந்து, "வேண்டாம். அது தம்பியோடது. அவன் பரீட்சை எழுதணும்" என்றான். தலாத்தோ வாயைத் திறக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவள் அவள்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூத்தவன் அதைச் சொல்லும்போது அவன் தொண்டை ஏறி இறங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

இசூப் உள்ளே போய்ப் பால்மாவு டப்பாவைக் கொண்டுவந்தான். இரண்டு காகிதமும் அதில்தான் மடித்துக் கிடந்தன. தன்னுடையதை எடுத்து அண்ணன் மடியில் வைத்தான்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அண்ணன் எனக்காக மூணு வருஷம் குடுத்துச்சு. நான் ஒரு காகிதம் குடுக்கக் கூடாதா? பரீட்சை எங்கம்மா ஓடப்போகுது, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்."

"போட்டி முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடறேன்டா" என்றான் புரெய்மா.

திருப்பிக் கொடுக்கிற சமாச்சாரமா அது? இசூப் பெயரில் புரெய்மாவின் புகைப்படத்தை ஒட்டி அடையாள அட்டை வந்தது, அதை வைத்துப் பாஸ்போர்ட் வந்தது. புரெய்மா என்ற காகிதம் இசூப்புக்கு மிஞ்சியது. அதை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், "இருபத்திமூணு வயசுக்காரருக்கு இங்க பெஞ்சு கிடையாது, ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். அதையும் அவன் வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அதன்பிறகு முற்றத்தில் ஒரே கூத்து. பெயர் மாற்றிக் கூப்பிட்டுப் பழக வேண்டும் என்று காசிமிர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இசூப்!" என்றால் புரெய்மா திரும்ப வேண்டும். இளையவன் விடுவானா? "டேய் இசூப், இப்ப நான்தான் மூத்தவன். போய் அண்ணனுக்குக் குளிக்கத் தண்ணி வை" என்று காலை நீட்டிக்கொண்டு உட்காருவான். அதே முற்றத்தில் குடியிருந்த சியாத்தாவுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா?

சியாத்தா காராமணியும் சோறும் சேர்த்து வேகவைத்துத் தெருவில் விற்கிறவள். சாமோ இனத்துக்காரி. தலாத்தோ மொஸ்ஸி. மொஸ்ஸியும் சாமோவும் பிறந்ததிலிருந்து ஒருவரையொருவர் கேலி செய்யக் கடன்பட்டவர்கள். என்ன சொன்னாலும் கோபம் வரக்கூடாது, வந்தால் தெய்வக்குற்றம். எழவு வீட்டிலும் அந்த உரிமை உண்டு, அங்கேதான் அதிகம் உண்டு.

"ஏய் என் அடிமையே, பெத்த பிள்ளைங்களுக்கு ஒழுங்காப் பேர் வைக்கக்கூடத் தெரியாதா உங்க ஜாதிக்கு?" என்பாள் சியாத்தா. "பதினேழு வயசுப் பையனாம்! முட்டியைப் பாரு, என் மாமனாரோட முட்டி மாதிரி இருக்கு."

"நாய்த்தலை திங்கிறவளுக்கு முட்டி எலும்பு மேலதான் கண்ணு போகும்" என்பாள் தலாத்தோ, சாமோக்காரர்கள் நாய்க்கறி தின்பவர்கள் என்ற பழைய கேலியை வைத்து. இருபது வருஷமாக இப்படித்தான். ஒருத்தி வீட்டில் உப்பு தீர்ந்தால் மற்றவள் கேட்காமலே கொண்டுவந்து வைப்பாள்.

பேட்டை முழுக்க விஷயம் தெரியும். ஆனால் எங்கள் பையன் தேசத்துக்கு ஆடப்போகிறான். கில்வினில் ஒரு கோழிகூட வெளி ஆள் முன்னால் பழைய பெயரைச் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் மடகாஸ்கரோடு. சனிக்கிழமை. மார்ச் மாத வெயிலும் புழுதியும் மூக்கை அடைத்தன. தலாத்தோவுக்கு ஆட்டக்காரனின் தாய் என்று உள்ளே நாற்காலி தருவதாகச் சொன்னார்கள். "நான் உள்ள போயிட்டா வண்டிங்களை யார் பாப்பா?" என்று மறுத்துவிட்டாள். உண்மையில் பயம். கண்ணால் பார்த்தால் திருஷ்டி பட்டுவிடும் என்று பயந்தாள். இசூப்பும் அவளோடு வெளியே நின்றுகொண்டான்.

முதல் பாதி முடிவதற்குள் அந்தச் சத்தம் எழுந்தது. கோல் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் புதிது. முப்பதாயிரம் தொண்டைகள் ஒரே தாளத்தில் ஒரு பெயரைக் கூப்பிட்டன.

"இசூப்! இசூப்! இசூப்!"

தலாத்தோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் இசூப் சுவரில் முதுகைச் சாய்த்து, காதில் சாக்பீஸோடு நின்றிருந்தான். நாக்கைச் சொடுக்கினான்.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். ஊரே என்னைக் கூப்பிடுது, நான் இங்க மொபெட்டு எண்ணிக்கிட்டு நிக்கிறேன் பாரும்மா."

"போடா, உனக்கு வேற வேலையில்ல" என்று அவன் தலையில் தட்டினாள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தப் பெயர் ஓயும்வரைக்கும் முகத்தைச் சுவர் பக்கமே திருப்பி வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் தலைவலி என்று படுத்தான். மாலைக்குள் உடம்பு கொதித்தது. கழுத்தை அசைக்க முடியவில்லை. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் கழுத்து விறைத்தால் மூளைக்காய்ச்சல் என்று குழந்தைக்கும் தெரியும். சியாத்தா அடுப்பிலிருந்த பானையை அப்படியே இறக்கிப்போட்டுவிட்டு மொபெட்டுக்காரன் ஒருவனைப் பிடித்துவந்தாள். நடுவில் இசூப்பை உட்காரவைத்து, பின்னால் தலாத்தோ கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்டார்கள். இருந்த காகிதத்தைக் கொடுத்தாள். "சுங்கிரானா புரெய்மா, இருபத்திமூணு" என்று குடும்பப் பெயரோடு எழுதிக்கொண்ட நர்ஸம்மா, கட்டிலில் கிடந்தவனை ஒரு தரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. மருந்து ஏற்றினார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விடிந்ததும் மருத்துவர் வந்து அவன் கன்னத்தைத் தட்டினார்.

"புரெய்மா! புரெய்மா! கேக்குதா? கண்ணைத் திற, புரெய்மா!"

அவன் அசையவில்லை. மருத்துவர் நர்ஸம்மாவிடம், "கூப்பிட்டா பதில் இல்லைன்னு எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தலாத்தோ குனிந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவன் காதோடு வாயை வைத்து, "இசூப்" என்றாள். அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்தான். உதடு லேசாக அசைந்தது. நாக்கைச் சொடுக்கத்தான் பார்த்தான் என்று அவள் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெற்ற பிள்ளையின் பெயரைத் திருடியைப்போல ரகசியமாகச் சொல்ல வேண்டிய நிலை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

அன்று மாலை அரையிறுதி, புரெய்மா அணியோடு முகாமில் இருந்தான். காசிமிர் தொலைபேசியில் கெஞ்சினார்: "அக்கா, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், அப்புறம் அவன்கிட்ட சொல்லலாம்." அவளும் சரி என்றாள். வார்டு வாசலில் காவல்காரனின் ரேடியோ, இசூப் சுங்கிரானா இரண்டு கோல் போட்டதாகக் கத்தியது. கட்டிலில் கிடந்த இசூப் அதைக் கேட்டானா என்று தெரியாது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் மூச்சு நின்றது.

எங்கள் வழக்கப்படி அன்றைக்கே அடக்கம். மதியத் தொழுகைக்குள் முற்றம் நிறைந்துவிட்டது, வாசலில் மொபெட்டுகள் நூறுக்கு மேல் நின்றன. அணி நிர்வாகத்தின் தலைவர் தப்சோபா ஐயா அரிசி மூட்டையும் கோலாக் கொட்டையுமாகக் காரில் வந்து இறங்கினார். கூடவே நாலைந்து ஆட்டக்காரர்கள், எல்லாரும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை. நடுவில் புரெய்மா. கூட்டாளிகள் அவன் தோளைப் பிடித்து, "தைரியமா இரு, இசூப்" என்றார்கள். வந்த ஒவ்வொருவரும் தலாத்தோவின் முன்னால் குனிந்து, வெளி ஆள் காதில் விழும்படியாகவே, "புரெய்மாவுக்கு ஆண்டவன் நல்ல இடம் குடுப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேட்டையின் விசுவாசம் அது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சில் செருப்பால் அடித்ததுபோல இருந்தது. செத்தவனுக்கு அழ முடியவில்லை. உயிரோடு நிற்கிறவனைச் செத்தவன் என்று ஊரே சொல்ல, அதற்குத் தலையாட்ட வேண்டியிருந்தது.

இமாம் வந்து பாடையின் முன்னால் நின்றார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நாள் ஆட்டுக்கிடா அறுத்து, இசூப் என்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் சொன்னவரே அவர்தான்.

"தாயே, குழியில வச்சு இவனைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். தலாத்தோ மகன் இன்னார்னு கூப்பிடணும். நீ சொல்ற பேரைத்தான் நான் சொல்லுவேன். நானா எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லு."

தலாத்தோ நிமிர்ந்து பார்த்தாள். தப்சோபா ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். காசிமிர் தரையைப் பார்த்தார். புரெய்மா அவளையே பார்த்தான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. அவன் தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. அன்றைக்குக் காசிமிர் வந்தபோது பார்த்த அதே தொண்டை. ஒரு வார்த்தைதான். சொன்னால் போனவனுக்கு அவன் பெயர் கிடைக்கும். இருப்பவனுக்கு எல்லாம் போகும், பந்தும் போகும், ஒருவேளை சிறையும் கிடைக்கும்.

"புரெய்மா" என்றாள்.

இமாம் கண்ணை மூடித் திறந்தார். நாலு பேர் பாடையைத் தூக்கினார்கள்.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு. சியாத்தா வந்துகொண்டிருந்தாள். இசூப்பின் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டிருந்தாள், பொத்தான் போடமுடியாமல் பிதுங்கியது. அவன் பையை ஒரு தோளில் மாட்டி, அந்தப் பக்கமாகவே சாய்ந்து நடந்தாள். காதில் சாக்பீஸ். வாசலில் நின்ற மொபெட்டுகளின் இருக்கையில் வரிசையாக எண் எழுதிக்கொண்டே வந்தாள், தப்சோபா ஐயாவின் காரையும் விடவில்லை. அழுதுகொண்டிருந்த கூட்டம் வாயைப் பொத்திச் சிரிக்க ஆரம்பித்தது. நேராக வந்து பாடையை மறித்து நின்றாள். பாடையின் கட்டையில் பெரிதாக ஒரு எண் போட்டாள். கையை நீட்டினாள்.

"டோக்கன்?"

"விடுடி சாமோக்காரி, நேரமாகுது" என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

நாக்கு சொடுக்கியது. அச்சு அசல் அவன்தான். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். என்ன பேர் சொன்னீங்க? புரெய்மாவா? மொஸ்ஸிக்காரங்களுக்கு எண்ணத்தான் தெரியாதுன்னு நெனச்சேன், படிக்கவும் தெரியாதா? இது புரெய்மாவோட வண்டி இல்ல. இது இசூப். இ-சூப்! டோக்கனும் வண்டியும் ஒத்துப்போகல. இசூப்னு சொல்லாம வண்டி வெளிய போகாது. அமைச்சரே வந்தாலும் போகாது!"

கூட்டம் கல்லாய் நின்றது. காசிமிரின் முகம் சாம்பலாகிவிட்டது. முதலில் சிரித்தது தப்சோபா ஐயாதான். அவரும் மொஸ்ஸி, சாமோவின் கேலிக்குச் சிரிக்கத் தெரிந்தவர்.

"இவங்க இருக்காங்களே! செத்தவனையும் விட மாட்டாங்க, உயிரோட நிக்கிற என் ஆட்டக்காரனையும் இழுத்து வம்பு பண்ணுவாங்க. சரிம்மா தாயே, இசூப்னே வச்சுக்கோ. வழியை விடு!" என்று நாலு காசை அவள் பக்கம் வீசினார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். "இசூப், இசூப்! வழியை விடு!" என்று கத்திக்கொண்டே தூக்கிப்போனார்கள். தலாத்தோவும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து கொட்டியது, சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. புரெய்மா மட்டும் பாடைக்குப் பின்னால் போகாமல் வீட்டின் பின்புறம் ஓடிப்போய் வாந்தி எடுத்தான்.

பெண்கள் மட்டும் முற்றத்தில் மிஞ்சிய பிறகு சியாத்தா சட்டையைக் கழற்றி மடித்து தலாத்தோவின் மடியில் வைத்தாள்.

"ஏன்டி அப்படிச் சொன்ன? அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா?"

"நான் என்னத்தைச் சொன்னேன்? நாய்த்தலை திங்கிறவ பேச்சை எவன்டி எழுதி வைப்பான்?" என்றாள் சியாத்தா. அப்புறம் அவளே உடைந்துபோனாள். "பேர் இல்லாம எப்படிடி அனுப்புறது அந்தப் பிள்ளைய?"

சாயங்காலம் அணியின் வண்டி புரெய்மாவை அழைத்துப்போக வந்தது. "நான் ஆடல, அம்மா" என்றான். "எனக்கு எதுவும் வேண்டாம்."

"ஆடு. அவன் குடுத்துட்டுப் போயிட்டான். நீ ஆடலைன்னா அவன் எதுக்குக் குடுத்தான்?" என்றாள். அவன் போனான்.

சனிக்கிழமை மூன்றாம் நாள். காலையில் ஓதி முடித்து, கம்பு மாவு உருண்டை பிடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் இறுதி ஆட்டம், காங்கோவோடு. மூன்று மணி வாக்கில் தலாத்தோ முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. எழவு வீட்டு அடுப்பு ஆறவில்லை, அதற்குள் மகன் ஆட்டத்துக்கு ஓடுகிறாள் பார் என்று பின்னால் ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கிழக்கு வாசலில் அன்று வேறு ஒருத்தி டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். வண்டிகள் நேர்நேராக நின்றன. முடிந்ததும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளப் போகின்றன. தலாத்தோ அதைக் கவனிக்கவில்லை. சுவரில் அவன் முதுகைச் சாய்த்து நின்ற இடத்துக்குப் போனாள். அதே இடத்தில் தன் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

அவள் ஆட்டத்துக்காக வரவில்லை. யார் ஜெயித்தால் அவளுக்கு என்ன? வீட்டில் அந்தப் பெயரை இனிச் சொல்ல முடியாது. கல்லறைக் காகிதத்தில் இல்லை, ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இல்லை. பேட்டையில் வாய்தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த உலகத்தில் அவள் பிள்ளையை வாய்விட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது. அதைக் கேட்க வந்தாள்.

கூப்பிட்டார்கள். புரெய்மாவின் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கூப்பிட்டார்கள். "இசூப்! இசூப்!" தம்பியைப் பறிகொடுத்தவன்... இல்லை, ஊர்க் கணக்கில் அண்ணனைப் பறிகொடுத்தவன் ஆடுகிறான் என்று செய்தி பரவியிருந்தது. அதனால் சும்மா இருக்கும்போதும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் உதட்டுக்குள், "என்னடா கண்ணு" என்றாள். முதல் பாதி முடிந்து, இரண்டாம் பாதியும் பெரும்பகுதி போனது. வெயில் முகத்தில் அடித்தது. அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

திடீரென்று கைதட்டல் எழுந்தது. கோல் இல்லை, தப்பியதும் இல்லை. ஆளை மாற்றும்போது தட்டுகிற தட்டல் அது; இன்னும் ஏழு நிமிஷம் என்றது யாரோ வைத்திருந்த ரேடியோ. அதற்கப்புறம் அந்தப் பெயர் வரவில்லை. அவள் காதைச் சுவரோடு ஒட்டிவைத்தாள். இரைச்சல் இருந்தது, பெயர் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சிறு கதவு திறந்தது. புரெய்மா வந்தான். பச்சைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. காலில் கால்பந்து பூட்ஸின் ஆணிகள் சிமெண்டில் சறுக்கின. அவளை அங்கே பார்ப்போம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. பார்த்ததும் குழந்தைபோல அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

"நானேதான் கையைத் தூக்கி மாத்தச் சொன்னேம்மா. முடியல. பந்து வர்றப்பல்லாம் அவனைக் கூப்பிடுறாங்க. நான் திரும்பித் திரும்பிப் பாக்குறேன், பின்னால வர்றானான்னு. என்னால முடியலம்மா."

அவள் அவன் தலையில் கையை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய சத்தம் எழுந்தது. கோல்தான். முப்பதாயிரம் பேரும் கூப்பிட்டார்கள், வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயரை.

தலாத்தோ அதைக் கடைசிவரை கேட்டாள். அப்புறம்தான் அழுதாள், மூன்று நாளாக அழாத அழுகை.

"ஏன்டா வெளிய வந்த? இன்னும் ஏழு நிமிஷம் இருந்துச்சேடா. ஏழு நிமிஷம் அவனைக் கூப்பிட்டிருப்பாங்களேடா!"